கார் இன்சூரன்சு கெடு முடிந்தால் "90 நாள் அவகாசம்" உண்டா?

வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி, ஓசூர் சாலையில் கார்கள் ஊர்ந்து போகின்றன. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர் என்று ஊருக்குப் புறப்பட்ட தமிழர்களின் கார்கள் அவற்றில் பல.

அந்த வரிசையில் ஒரு குமாஸ்தாவை எண்ணிப் பாருங்கள். சீட்டுப் பணமும் பாங்கிக் கடனும் சேர்த்து வாங்கிய கார். பின் சீட்டில் இரண்டு குழந்தைகள். பக்கத்தில் மனைவி. காரின் இன்சூரன்சு புதன்கிழமையோடு முடிந்துவிட்டது. அது அவருக்குத் தெரியும்.

"ஏங்க, இன்சூரன்சு கட்டிட்டீங்களா?" என்று மனைவி கேட்கிறாள்.

"அதுக்கு 90 நாள் டயம் இருக்கு. சம்பளம் வந்ததும் கட்டிக்கலாம்" என்கிறார் அவர்.

அத்திப்பள்ளி கடந்து, ஓசூர் கடந்து, சூளகிரி பக்கம் போகும்போது இருட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே வந்துவிடுகிறது. பிரேக் பிடிப்பதற்குள் மோதல்.

அவர் நம்பியிருந்த 90 நாளில் ஒரு நாள் கூட அப்போது அவருக்குக் கைகொடுக்காது.

ஒரு மணி நேரம் கூட கிடையாது

மோட்டார் இன்சூரன்சில் கெடு என்றால் கெடுதான். பாலிசியில் போட்டிருக்கும் கடைசி நாள் நள்ளிரவோடு அது முடிந்தது. ஆயுள் இன்சூரன்சில் தவணை தவறினால் சலுகை நாட்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் காருக்கும் ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் "90 நாள்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அது போனஸ் சம்பந்தப்பட்ட கணக்கு. ஒரு வருடம் முழுவதும் நஷ்டஈடு கேட்காமல் இருந்தால், மறு வருடம் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுப்பார்கள். "நோ கிளைம் போனஸ்" என்று அதற்குப் பெயர். முதல் வருடத்துக்கு 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறும். தொடர்ந்து 5 வருடம் கேட்காமல் இருந்தால் 50 சதவீதம்.

கெடு முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பித்தால் இந்தத் தள்ளுபடி கைவிட்டுப் போகாது. அதைத் தாண்டினால் போய்விடும். மறுபடியும் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 90 நாள் அவகாசம் என்பது இந்தத் தள்ளுபடிக்கு மட்டும்தான். இடைப்பட்ட நாட்களில் விபத்து நடந்தால் கம்பெனிக்கும் காருக்கும் சம்பந்தம் இல்லை.

32 லட்சம் ரூபாய்

இதனால் என்ன நஷ்டம் வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கார் மோதி ஒருவர் இறந்துவிட்டார். வயது 30. சொந்தத் தொழிலில் மாதம் ரூ.15 ஆயிரம் வருமானம். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான தாய் என்று 4 பேர் அவரை நம்பி இருந்தவர்கள். இந்த மாதிரி வழக்குகளில் நஷ்டஈட்டைக் கணக்கிட 2009-லும் 2017-லும் சுப்ரீம் கோர்ட்டு முறை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

வருட வருமானம் ரூ.1,80,000. எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் ரூ.2,52,000. இறந்தவரின் சொந்தச் செலவுக்காக நாலில் ஒரு பங்கைக் கழித்தால் ரூ.1,89,000. 30 வயதுக்கு உரிய பெருக்கு எண் 17. பெருக்கினால் ரூ.32,13,000. ஈமச் செலவு முதலியவை இதற்கு மேல்.

பாலிசி இருந்தால் இந்தத் தொகையைக் கம்பெனி கொடுக்கும். மூன்றாம் நபரின் உயிருக்கும் உடல் காயத்துக்கும் கம்பெனி கொடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லையென்றால் முழுப் பணத்தையும் கார் சொந்தக்காரர்தான் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் மோட்டார் வாகனச் சட்டம் 174-வது பிரிவின்படி கலெக்டருக்கு உத்தரவு போகும். நிலவரி பாக்கியை வசூலிப்பது போல வசூலிப்பார்கள். பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்தாலும், ஊரில் இருக்கும் நிலமும் வீடும் தப்பாது.

இந்த ஆபத்தைத் தடுக்க என்ன செலவு? 2022 ஜூன் 1-ந் தேதி முதல் மத்திய அரசு நிர்ணயித்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரை உள்ள காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு ரூ.3,416. வரி தனி. நாள் ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூட ஆகவில்லை. ஒரு டீ குடிக்கும் காசு.

அபராதமும் இருக்கிறது. இன்சூரன்சு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை ரூ.2 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறு தடவை அபராதம் ரூ.4 ஆயிரம். 2019 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இது அமலில் இருக்கிறது.

புதுக் கார் வாங்கியவர்கள் கவனிக்க

புதுக் கார் வாங்கியவர்கள், "எனக்கு 3 வருட இன்சூரன்சு இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பது உண்டு. அதில் பாதிதான் உண்மை.

பாலிசியில் இரண்டு பாகம். ஒன்று தேர்டு பார்ட்டி. நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. சட்டம் கட்டாயப்படுத்துவது இதைத்தான். மற்றொன்று ஓன் டேமேஜ். நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கும் திருட்டுக்கும்.

2018 செப்டம்பர் 1-ந் தேதி முதல், புதுக் காருக்கு 3 வருடத்துக்கும், புது ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 5 வருடத்துக்கும் தேர்டு பார்ட்டி பாலிசி கட்டாயம். ஆனால் ஓன் டேமேஜ் பாகம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடப்படுகிறது. இரண்டாம் வருடம் அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால், கார் மரத்தில் மோதி நொறுங்கினாலும் கையிலிருந்துதான் செலவு.

உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். இரண்டு பாகத்துக்கும் தனித்தனியாக "முதல் - வரை" என்று தேதி போட்டிருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரை ஓட்டும் சொந்தக்காரருக்கு ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துப் பாதுகாப்பும் உண்டு. ஸ்கூட்டரும் காரும் வைத்திருப்பவர் அதை இரண்டு தடவை வாங்க வேண்டியதில்லை. ஒன்று போதும்.

பணம் போய்ச் சேர்ந்ததா?

பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பொறுப்பு ஆரம்பிக்கிறது. 1938-ம் வருட இன்சூரன்சு சட்டம் அப்படிச் சொல்கிறது. "ஏஜெண்டிடம் சொல்லிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வார்" என்பது பாதுகாப்பு ஆகாது.

செக் கொடுத்து அது திரும்பிவிட்டால் கம்பெனி பாலிசியை ரத்து செய்யும். ரத்து நோட்டீசு விபத்துக்கு முன்பே சொந்தக்காரருக்குக் கிடைத்திருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை. நோட்டீசு கிடைப்பதற்கு முன் விபத்து நடந்தால், மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. ஆனால் கொடுத்த பணத்தைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கக் கம்பெனிக்கு வழி உண்டு.

வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாலிசியில் ஸ்ரீராமபுரம் முகவரி இருக்கும். குடியிருப்பது எலக்ட்ரானிக் சிட்டியாக இருக்கும். நோட்டீசும் நினைவூட்டும் கடிதமும் பழைய வீட்டுக்குப் போகும். வீடு மாறினால் முகவரியும் செல்போன் எண்ணும் மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள்.

பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். கம்பெனியின் பெயருக்கே செலுத்துங்கள். பாலிசி கைக்கு வந்ததும் காரின் நம்பர், என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் மூன்றையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போலிப் பாலிசிகள் நடமாடுவதால், கம்பெனி அலுவலகத்திலோ அதன் இணையதளத்திலோ பாலிசி எண்ணைக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

கெடு ஏற்கெனவே முடிந்துவிட்டதா? காரை எடுக்காதீர்கள். முதலில் பாலிசி வாங்குங்கள். ஓன் டேமேஜ் பாகத்துக்கு மட்டும் காரைப் பார்வையிட்ட பிறகே கம்பெனி சம்மதம் சொல்லும்.

செகண்ட் ஹேண்ட் கார்

ஆபீசில் மாற்றலாகிப் போகும் ஒருவர் காரை விற்கிறார். பக்கத்து மேஜைக்காரர் வாங்குகிறார். "இன்சூரன்சு இன்னும் 8 மாதம் இருக்கிறது" என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கிறார். இருவருமே அதோடு மறந்துவிடுகிறார்கள்.

கார் கைமாறினால் தேர்டு பார்ட்டி பாகம் தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறியதாகச் சட்டம் கருதும். ஓன் டேமேஜ் பாகம் அப்படி மாறாது. சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் விட்டு, மூன்றாம் மாதம் கார் விபத்தில் சிக்கினால், பாலிசி ஒருவர் பெயரில், கார் இன்னொருவர் பெயரில் என்று சொல்லிக் கிளைமைத் தள்ளிவிடுவார்கள்.

போனஸ் தள்ளுபடியும் காரோடு வராது. அது காருக்குச் சொந்தமானது அல்ல, மனிதருக்குச் சொந்தமானது. விற்றவர் அதற்கு ஒரு சான்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, 3 வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வாங்கியவர் விற்றவரின் போனசைத் தன்னுடையது போல அனுபவித்தால் பின்னால் கிளைமில் சிக்கல் வரும்.

விற்றவருக்கும் ஆபத்து உண்டு. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறாதவரை, கார் எத்தனை கை மாறியிருந்தாலும், புத்தகத்தில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பெங்களூரில் காரை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டவர்களுக்குச் சில வருடம் கழித்துக் கோர்ட்டு சம்மன் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு ரெயில் ஏறுங்கள்.

தமிழ்நாட்டு நம்பர் கார்

ஊரில் பதிவான காரைக் கர்நாடகத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு ஊர் ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணை இல்லைச் சான்று வாங்க வேண்டும். நம்பர் மாறியதும் இன்சூரன்சு கம்பெனிக்கு எழுதிப் பாலிசியிலும் மாற்றிக்கொள்ளுங்கள். கார் ஒரு நம்பரில், பாலிசி இன்னொரு நம்பரில் இருந்தால் விபத்து நடந்த நாளில் அலைச்சல்தான்.

விபத்து நடந்தால்

முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேருங்கள். போலீசுக்குத் தகவல் கொடுங்கள். பிறகு, கார் நின்ற நிலையில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். அன்றைக்கே கம்பெனிக்குத் தெரிவித்து கிளைம் எண் வாங்குங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் காரைப் பழுது பார்க்க விடாதீர்கள்.

கர்நாடகத்தில் போலீஸ் புகார் கன்னடத்தில் எழுதப்படலாம். படிக்கத் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போய்ப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நேரம், இடம், ஓட்டியவர் பெயர் மூன்றும் புகாரிலும் கிளைம் பாரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். உண்மையில் யார் ஓட்டினாரோ அவர் பெயரையே எழுதுங்கள். லைசென்சு இல்லாத தம்பி ஓட்டியதை மறைத்து அண்ணன் பெயரைப் போட்டால் கிளைமும் போகும், வழக்கும் வரும்.

வெள்ளை போர்டு காரை வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. சொந்த உபயோகத்துக்கு என்று பாலிசி வாங்கிவிட்டு, காசு வாங்கி ஆள் ஏற்றிப் போகும்போது விபத்து நடந்தால் கம்பெனி கிளைமை மறுக்கலாம்.

2022 செப்டம்பரில் பெங்களூர் பெல்லந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகளில் வெள்ளம் வந்தபோது, அடித்தளத்தில் நிறுத்தியிருந்த கார்கள் நீரில் மூழ்கின. வெள்ளச் சேதம் ஓன் டேமேஜ் பாகத்தில் அடங்கும். ஆனால் நீர் புகுந்த காரை ஸ்டார்ட் செய்து, அதனால் என்ஜின் கெட்டால், என்ஜினுக்கான தனிப் பாதுகாப்பு வாங்காதவர்களுக்கு அந்தச் செலவு கிடைப்பது கடினம். நீரில் நின்ற காரில் சாவியைத் திருப்பாதீர்கள். இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கார் திருட்டுப் போனால் உடனே போலீசில் எப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள். கம்பெனிக்கும் எழுதுங்கள். சாவிகள் எத்தனை வாங்கினீர்களோ அத்தனையும் கேட்பார்கள். பத்திரமாக வைத்திருங்கள்.

பில்லில் எவ்வளவு கிடைக்கும்?

ரூ.25 ஆயிரம் பில்லுக்கு ரூ.25 ஆயிரமும் வராது. நாலரை வருடப் பழைய கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பம்பர் ரூ.8 ஆயிரம். அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். இரும்புக் கதவு ரூ.6 ஆயிரம். இந்த வயதுக்கு 35 சதவீதம், ரூ.2,100 கழியும். முன் கண்ணாடி ரூ.7 ஆயிரம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. கூலி ரூ.4 ஆயிரம். அதற்கும் இல்லை. 1500 சி.சி. வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000. வரியைச் சேர்க்காமல் பார்த்தால், கைக்காசு ரூ.7,100. கம்பெனி தருவது ரூ.17,900. தேய்மானம் கழிக்காத தனிப் பாதுகாப்புக்கு அதிகப் பிரீமியம் கட்டியிருந்தால் கைக்காசு குறையும்.

சிறு கீறலுக்கெல்லாம் கிளைம் கேட்பது லாபம் ஆகாது. ஓன் டேமேஜ் பிரீமியம் ரூ.8 ஆயிரம், போனஸ் 50 சதவீதம் என்றால் வருடம் ரூ.4 ஆயிரம் மிச்சம். ரூ.3 ஆயிரத்துக்குக் கிளைம் வாங்கினால் அந்தப் போனஸ் போய்விடும்.

ரத்து செய்யலாமா?

பாலிசி பிடிக்கவில்லை என்றால், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்று 2024-ல் இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் அறிவித்தது. ஒரு வருட பாலிசியில் கிளைம் வாங்காமல் இருந்தால் மீதி நாட்களுக்கு உரிய பிரீமியம் திரும்பக் கிடைக்கும். ஆனால் தேர்டு பார்ட்டி கட்டாயம் என்பதால், வேறு பாலிசி இருப்பதைக் காட்டச் சொல்வார்கள். ஆகையால் புதுப் பாலிசியைக் கையில் வாங்கிய பிறகே பழையதை ரத்து செய்யுங்கள். நடுவில் ஒரு நாள் கூட இடைவெளி விழக் கூடாது.

கம்பெனி தன் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது. மோசடி நிரூபணமானால்தான் முடியும். அதற்கும் 7 நாள் முன்னதாக நோட்டீசு தர வேண்டும்.

கம்பெனி மறுத்தால்

வாய்ப்பேச்சு வேண்டாம். "எந்த நிபந்தனையின்படி மறுக்கிறீர்கள்?" என்று எழுத்தில் கேளுங்கள். ஏதோ ஒரு காகிதம் இல்லை என்பதை மட்டும் காரணம் காட்டிக் கிளைமைத் தள்ளக் கூடாது என்பது ஆணையத்தின் 2024-ம் வருட உத்தரவு.

முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் இன்சூரன்சு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். பெங்களூர் ஜே.பி. நகரில் அவர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது.

ஆனால் இந்தக் கதவுகள் எல்லாம் பாலிசி உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் திறக்கும். கெடு தாண்டி இரண்டு நாள் ஆனவருக்கு எந்தக் கோர்ட்டும் பாலிசி எழுதிக் கொடுக்காது.

அந்தக் குமாஸ்தா புதன்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். சம்பளம் வரவில்லை என்றாலும், யாரிடமாவது கைமாற்று வாங்கித் தேர்டு பார்ட்டி பிரீமியத்தையாவது கட்டியிருக்கலாம்.

உங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். இன்றைக்கே பாலிசியை எடுங்கள். கெடு தேதியைப் பாருங்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால் உள்ள தாளில் சிவப்பு மையில் "கார் இன்சூரன்சு" என்று எழுதி வையுங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் பணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகு ஊருக்குப் புறப்படுங்கள்.